‘வெரி குட்’ போட்டால் மட்டும் போதுமா?

போன இதழில் ஓர் ஆசிரியருக்குப் பதில் எழுதும்போது, பிள்ளைகளைப் பாராட்டத் தயங்காதீர்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த முறை அதிகம். ஆசிரியர்கள், அம்மா அப்பாக்கள், பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் என்று எல்லாத் தரப்பிலிருந்தும் கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்த இதழ் முழுக்க இதே பேச்சுதான்.

மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். ‘வெரி குட்’, ‘சூப்பர்’, ‘எல்லாரும் கை தட்டுங்க’ என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன். ஜூன் மாதத்தில் அதைக் கேட்டுப் பிள்ளைகள் முகம் மலர்ந்தது. இப்போது யாரும் கண்டுகொள்வதே இல்லை. பாராட்டினால் படிப்பார்கள் என்பது உண்மைதானா?
– ஆசிரியை, மணப்பாறை

உண்மைதான் டீச்சர். ஆனால் தான் செய்ததில் எது நன்றாக இருந்தது என்று பிள்ளைக்குத் தெரிந்தால்தான் அது வேலை செய்யும். ‘சூப்பர்’ என்று கேட்ட பிள்ளைக்கு நீங்கள் சந்தோஷமாக இருக்கிறீர்கள் என்பது புரியும். நாளைக்கும் அதே மாதிரி செய்ய என்ன செய்ய வேண்டும் என்பது புரியாது.

உங்கள் வகுப்பிலேயே ஒரு நோட்டை எடுத்துக்கொள்வோம். பத்துக் கழித்தல் கணக்கு. ஒரு பையன் ஆறு சரி, நாலு தப்பு. 52-லிருந்து 27 போனால் 35 என்று எழுதியிருக்கிறான். 43-லிருந்து 18 போனாலும் 35 என்றே எழுதியிருக்கிறான். தப்பான நாலையும் சேர்த்து வைத்துப் பாருங்கள், நாலுமே கடன் வாங்கிக் கழிக்க வேண்டிய கணக்கு. எங்கெல்லாம் மேலே சின்ன எண்ணும் கீழே பெரிய எண்ணும் இருக்கிறதோ அங்கெல்லாம் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்துவிட்டான். கவனக்குறைவில் வந்த தப்பு இல்லை இது. அவன் மனதில் ஒரு விதி இருக்கிறது, அந்த விதியை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறான், விதிதான் பிசகு.

இந்த நோட்டில் 6/10 போட்டு, கீழே ‘குட்’ என்று எழுதினாலும் சரி, ‘கவனம் தேவை’ என்று எழுதினாலும் சரி, அவனுக்கு ஒன்றும் கிடைக்காது. அதற்குப் பதிலாக அவன் பக்கத்தில் உட்கார்ந்து, “ஒன்றுக்குக் கீழே ஒன்று, பத்துக்குக் கீழே பத்து என்று எல்லாக் கணக்கையும் நேராக எழுதியிருக்கிறாய், கடன் வாங்காத கணக்கு ஆறும் சரி. இந்த நாலில் மட்டும் ஒன்றாம் இடத்தைப் பார், 2-லிருந்து 7-ஐ எடுக்கச் சொல்கிறது, நீ 7-லிருந்து 2-ஐ எடுத்திருக்கிறாய். அஞ்சு கட்டுக் குச்சியும் ரெண்டு தனிக் குச்சியும் எடுத்துக்கொண்டு வா, சேர்ந்து செய்வோம்” என்று சொல்லிப் பாருங்கள். ஒரு நிமிஷம் ஆகுமா? அந்த ஒரு நிமிஷத்தில் அவனுக்கு மூன்று விஷயம் கிடைத்துவிட்டது: தனக்கு எது வருகிறது, எது வரவில்லை, அடுத்து என்ன செய்ய வேண்டும்.

குளூகர், டெனிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள், வேலையைப் பற்றிக் கருத்துச் சொல்வதால் என்ன விளைகிறது என்று அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி 1996-ல் ஒரு பெரிய தொகுப்பு வெளியிட்டார்கள். 607 விளைவுகளை எடுத்துக் கணக்குப் பார்த்தார்கள். மொத்தத்தில் பலன் உண்டு என்றுதான் வந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான இடங்களில், கருத்துச் சொன்ன பிறகு செயல்பாடு முன்பைவிடக் குறைந்திருந்தது! கவனம் செய்கிற வேலையிலிருந்து நழுவி, ‘என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்’ என்ற பக்கம் போகப் போகப் பலன் குறைகிறது என்பது அவர்கள் கொடுத்த விளக்கம். 2007-ல் ஹாட்டி, டிம்பர்லி இருவரும் எழுதிய கட்டுரையும் இதையேதான் சொல்கிறது. செய்த வேலையைப் பற்றியும் செய்த விதத்தைப் பற்றியும் சொல்வது உதவுகிறது, ‘நல்ல பிள்ளை’, ‘சமத்து’ என்று ஆளைப் பற்றிச் சொல்வது படிப்புக்கு மிகக் குறைவாகத்தான் உதவுகிறது.

கை தட்டுவதை நிறுத்த வேண்டாம். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். எதற்காகத் தட்டுகிறோம் என்று ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு ஒரு பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்கும்போது ‘பள்ளம்’ என்பதை ‘பல்லம்’ என்று சொல்லிவிட்டு, தானே நின்று, திரும்பிப் போய் ‘பள்ளம்’ என்று திருத்துகிறதே, அந்த இடம். பெரும்பாலும் நாம் அதைக் கவனிக்காமல் அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். “தப்பை நீயே கண்டுபிடித்துத் திருத்தினாய் பார்த்தாயா” என்று அங்கே சொல்லுங்கள். அடுத்து வாசிக்க வருகிற நாலு பிள்ளைகளும் தாங்களே திருத்தத் தொடங்குவார்கள்.

என் அப்பா ஒருநாளும் என்னை முகத்துக்கு நேராகப் புகழ்ந்ததில்லை. “புகழ்ந்தால் தலைக்கனம் வரும், கண்ணும் பட்டுவிடும்” என்பார். நான் நன்றாகத்தான் படித்தேன், நல்ல வேலையிலும் இருக்கிறேன். இந்தக் காலத்து ஆசிரியர்கள் எதற்கெடுத்தாலும் பாராட்டுவது பிள்ளைகளைக் கெடுத்துவிடாதா?
– ஒரு தந்தை, கும்பகோணம்

உங்கள் அப்பா மேல் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். அந்தத் தலைமுறை அப்பாக்கள் பலருக்கு வாயால் சொல்ல வராது. பரீட்சை முடிந்து வரும் மகனுக்கு இரவு பரோட்டா வாங்கி வருவார்கள், பக்கத்து வீட்டில் போய் “என் பையன் கணக்கில் நூறு” என்பார்கள். அது உங்கள் காதுக்கும் வந்து சேர்ந்திருக்கும். பாராட்டே இல்லாமல் நீங்கள் வளர்ந்தீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை, சுற்றி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இனி உங்கள் கேள்வி. இதைச் சோதித்துப் பார்த்து நூறு வருஷம் ஆகிவிட்டது. எலிசபெத் ஹர்லாக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1925-ல் வெளியிட்ட ஆய்வு அது. நான்காம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 106 பேரை நாலு குழுவாகப் பிரித்து, ஐந்து நாள் கூட்டல் கணக்குக் கொடுத்தார். ஒரு குழுவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு முந்தின நாள் வேலைக்காக எல்லார் முன்னாலும் பாராட்டினார்கள். இன்னொரு குழுவை அதேபோல் கூப்பிட்டுத் திட்டினார்கள். மூன்றாவது குழு அதே அறையில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது, அவர்களை யாரும் எதுவும் சொல்லவில்லை. நாலாவது குழு தனி அறையில் இருந்தது. திட்டு வாங்கியவர்கள் முதலில் முன்னேறத்தான் செய்தார்கள். ‘ரெண்டு போட்டால்தான் படிப்பான்’ என்று நம்மவர்கள் சொல்வதற்கு அதுதான் காரணம், திட்டின மறுநாள் பலன் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் நாள் போகப் போக அது இறங்கிவிட்டது. பாராட்டப்பட்ட குழு மட்டும் கடைசிவரை ஏறிக்கொண்டே போனது.

இதில் என் மனதைத் தைப்பது மூன்றாவது குழுதான். திட்டும் இல்லை, பாராட்டும் இல்லை, யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திட்டு வாங்கிய பிள்ளைகள் அடைந்த முன்னேற்றத்தைக்கூட அவர்கள் எட்டவில்லை. நம் வகுப்புகளில் முதல் பெஞ்சுக்குப் பாராட்டு, கடைசி பெஞ்சுக்குத் திட்டு, நடுவில் இருக்கிற இருபது பேருக்கு எதுவுமே இல்லை. வருஷக் கடைசியில் அவர்கள் பெயர்கூட ஆசிரியர் வாயில் சட்டென்று வருவதில்லை.

தலைக்கனம் பற்றி நீங்கள் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அடுத்த கடிதத்துக்கான பதிலைப் படியுங்கள்.

மகள் ஒன்பதாம் வகுப்பு. சின்ன வயதிலிருந்தே ‘இவள் பயங்கர புத்திசாலி’ என்று வீட்டிலும் பள்ளியிலும் சொல்லிச் சொல்லி வளர்த்தோம். இப்போது 87 வாங்கினால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள். கணக்கு ஒலிம்பியாடுக்குப் பெயர் கொடு என்றால் முடியவே முடியாது என்கிறாள். எங்கே தவறினோம்?
– ஒரு தாய், திருநெல்வேலி

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் அம்மா, நீங்கள் அன்பாகச் சொன்ன வார்த்தைதான் அது, அதற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். ஊரில் பாதி வீட்டில் இதைத்தான் சொல்கிறார்கள்.

கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இருவர் 1998-ல் வெளியிட்ட ஆய்வு உங்கள் வீட்டுக் கதையை அப்படியே சொல்வது போல இருக்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதலில் சுலபமான புதிர்களைக் கொடுத்தார்கள். எல்லாரும் நன்றாகச் செய்தார்கள். சிலரிடம் “நீ இதில் ரொம்பப் புத்திசாலி” என்றார்கள், சிலரிடம் “நீ நன்றாக உழைத்திருக்கிறாய்” என்றார்கள். அந்த ஒரே ஒரு வாக்கியம்தான் வித்தியாசம். பிறகு, அடுத்து எந்த மாதிரிப் புதிர் வேண்டும் என்று கேட்டபோது, உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல், தப்பு வந்தாலும் பரவாயில்லை புதிதாகக் கற்றுக்கொள்ளக்கூடியது வேண்டும் என்றார்கள். புத்திசாலி என்று கேட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர், தங்களுக்கு நன்றாக வரக்கூடியதாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். அப்புறம் எல்லாருக்கும் கடினமான புதிர்களைக் கொடுத்தார்கள். எல்லாரும் தடுமாறினார்கள். அதன் பிறகு மறுபடியும் சுலபமானதைக் கொடுத்தபோது, புத்திசாலி என்று பேர் வாங்கியவர்கள் முதலில் செய்ததைவிட மோசமாகச் செய்தார்கள். இன்னொரு ஊர்ப் பிள்ளைக்கு உன் மதிப்பெண்ணை எழுது என்றதும், அந்தக் குழுவில் கிட்டத்தட்ட 40 சதவீதம் பேர் கூட்டி எழுதினார்கள். பத்து வயதுப் பிள்ளைகள், பார்த்தே இராத ஒரு பிள்ளையிடம் பொய் சொல்கிறார்கள், அந்தப் பேரைக் காப்பாற்றுவதற்காக!

உங்கள் மகளும் அந்தப் பேரைத்தான் காப்பாற்றப் பார்க்கிறாள். ஒலிம்பியாடில் தோற்றால் புத்திசாலி இல்லை என்று ஆகிவிடுமே என்ற பயம். அதற்குப் பெயரே கொடுக்காமல் இருந்துவிட்டால் பேர் பத்திரமாக இருக்கும்.

இப்போது செய்யக்கூடியது: 87 வந்த விடைத்தாளை வாங்கி வைத்துக்கொண்டு, போன 13-ஐப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், அவள் நன்றாகப் போட்ட ஒரு கணக்கைக் காட்டி “இதை எப்படிப் போட்டாய், எனக்குச் சொல்லிக் கொடு” என்று கேளுங்கள். நீங்கள் எவ்வளவு படித்திருந்தாலும் கேளுங்கள். முதலில் தப்பான வழியில் போய், அடித்துவிட்டு, வேறு வழியில் வந்திருப்பாள், அந்த அடித்தல் திருத்தலைத்தான் பாராட்ட வேண்டும். “முதல் வழி சரிப்படவில்லை என்றதும் விட்டுவிடாமல் வேறு வழி தேடினாய்” என்று சொல்லுங்கள். ஒலிம்பியாடுக்கு வற்புறுத்த வேண்டாம். பழைய வினாத்தாளில் ஒரே ஒரு கணக்கை ஞாயிற்றுக்கிழமை குடும்பமாக உட்கார்ந்து போட்டுப் பாருங்கள், விடை வராவிட்டாலும் எழுந்து டீ குடிக்கப் போய்விடுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்த ஆய்வுகளைப் படித்துவிட்டுச் சிலர் எதற்கெடுத்தாலும் ‘முயற்சி செய், முயற்சி செய்’ என்கிறார்கள். ராத்திரி பன்னிரண்டு வரை உட்கார்ந்து மனப்பாடம் செய்தும் மார்க் வராத பிள்ளையிடம் போய் ‘நல்ல முயற்சி’ என்றால் அதற்கு எரிச்சல்தான் வரும், அதன் உழைப்பில் குறையே இல்லை, படிக்கிற முறையை மாற்ற வேண்டும், அதற்கு யாராவது உதவ வேண்டும். மனப்பான்மையை மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்பதும் அளவுக்கு மீறிய நம்பிக்கை. அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 12,000-க்கும் மேற்பட்டவர்களிடம், புத்தி வளரக்கூடியது என்று சொல்லித் தருகிற, ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ஒரு பயிற்சியைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019-ல் வந்தது. குறைந்த மதிப்பெண் எடுப்பவர்களிடம் முன்னேற்றம் தெரிந்தது, ஆனால் நாலு புள்ளி அளவுகோலில் 0.1 புள்ளி. பலன் உண்டு, மாயம் எதுவும் இல்லை.

மிட்டாய், ஸ்டார், ஸ்டிக்கர் – கொடுக்கலாமா கூடாதா? ஒரே வரியில் சொல்லுங்கள்.
– நர்சரி ஆசிரியை, கோவை

ஒரே வரியில்: பிள்ளைக்கு ஏற்கெனவே ஆசை இருக்கிற வேலைக்கு விலை பேசாதீர்கள்.

இரண்டு வரி கூடச் சேர்த்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் லெப்பரும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வு, 1973-ல் வந்தது. ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதில் ஆசையுள்ள மூன்றிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகளில் சிலரிடம், ‘வரைந்தால் ரிப்பன் வைத்த சான்றிதழ் தருவோம்’ என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, அதேபோல் கொடுத்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து, அந்தப் பிள்ளைகள் தானாக வரைய உட்கார்ந்த நேரம் மற்றவர்களைவிடப் பாதியாகியிருந்தது. சொல்லாமல் திடீரென்று அதே சான்றிதழ் வாங்கிய பிள்ளைகளுக்கு அந்தப் பாதிப்பு இல்லை. ஆகவே தினமும் ‘எழுதினால் ஸ்டார்’ என்பதைவிட, எப்போதாவது எதிர்பாராமல் ஒன்று கொடுப்பது நல்லது. பல் தேய்ப்பது, பொம்மைகளை எடுத்து வைப்பது மாதிரி ஆசையே இல்லாத வேலைகளுக்குக் கொஞ்ச நாள் ஸ்டார் கொடுத்துப் பழக்கிவிடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

மெல்லக் கற்கும் மாணவர்களையும் பாராட்ட வேண்டும் என்று பயிற்சியில் சொல்கிறார்கள். ஆனால் பாராட்ட எதுவும் இல்லாதபோது பாராட்டுவது பொய் சொல்வது போல இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கும் அது தெரிந்துவிடுகிறது என்று தோன்றுகிறது.
– பட்டதாரி ஆசிரியர், தருமபுரி மாவட்டம்

உங்களுக்குத் தோன்றியது சரி சார், அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. எட்டாம் வகுப்பில் எல்லாரும் செய்கிற சின்ன வேலையை ஒருவன் செய்ததும் அவனுக்கு மட்டும் ‘ஆஹா ஓஹோ’ என்றால், ‘என்னால் இவ்வளவுதான் முடியும் என்று சார் நினைக்கிறார்’ என்றுதான் அவன் எடுத்துக்கொள்வான். அவன் பக்கத்தில் இருப்பவனும் அப்படித்தான் எடுத்துக்கொள்வான்.

நெதர்லாந்தில் புரும்மல்மனும் அவருடைய குழுவும் இதை இன்னொரு விதமாகப் பார்த்தார்கள், 2014-ல். எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை வான்கோவின் காட்டு ரோஜா ஓவியம் ஒன்றைப் பார்த்து வரையச் சொன்னார்கள். சிலருக்கு ‘அழகாக வரைந்திருக்கிறாய்’ என்று குறிப்பு வந்தது, சிலருக்கு ‘நம்பவே முடியாத அளவுக்கு அழகாக வரைந்திருக்கிறாய்’ என்று வந்தது. தன்மேல் நம்பிக்கை குறைந்த பிள்ளைகள், அந்தப் பெரிய பாராட்டைக் கேட்ட பிறகு, அடுத்து சுலபமான படத்தையே தேர்ந்தெடுத்தார்கள். அவ்வளவு உயரத்தில் ஏற்றி வைத்துவிட்டால் கீழே விழுகிற பயம்தானே வரும். கொடுமை என்னவென்றால், நம்பிக்கை குறைந்த பிள்ளைக்குத்தான் பெரியவர்கள் இரக்கத்தில் கூடுதலாகப் புகழ்கிறார்கள் என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது.

ஆனால் ‘பாராட்ட எதுவும் இல்லை’ என்கிறீர்களே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மற்ற பிள்ளைகளோடு வைத்துப் பார்த்தால் இருக்காது. அதே பையனின் போன மாத நோட்டோடு வைத்துப் பாருங்கள். போன மாதம் கேள்வியை மட்டும் பார்த்து எழுதி வைத்திருந்தவன், இந்த மாதம் விடையில் இரண்டு வரி சொந்தமாக எழுதியிருப்பான், அதில் ‘மழை’யை ‘மலை’ என்று எழுதியிருப்பான். சிவப்பு மையை எடுத்து ‘லை’யைச் சுழிப்பதற்கு முன்னால், “முன்னே கேள்வியைத்தான் எழுதுவாய், இப்போது உன் சொந்த வரி ரெண்டு இருக்கிறது” என்று சொல்ல முடியும். இது பொய் இல்லை, நோட்டிலேயே சாட்சி இருக்கிறது. அப்புறம் எழுத்துப் பிழையைத் திருத்துங்கள், திருத்தாமல் விடுவதும் அவனுக்குச் செய்கிற துரோகம்தான்.

தொடக்கப் பள்ளியில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்த பிறகு அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள் அல்லவா, அந்த ஏற்பாடு ஆசிரியருக்கு உதவத்தான். ஆனால் சில இடங்களில் பிள்ளையே “நான் அரும்பு மிஸ், எனக்கு இது வராது” என்று சொல்வதைக் கேட்கும்போது வயிற்றைப் பிசைகிறது. அந்த மாதிரிப் பிள்ளையிடம், நீ எந்த நிலை என்ற பேச்சையே எடுக்காமல், “போன வாரம் நாலு சொல் வாசித்தாய், இன்றைக்கு ஒன்பது” என்று சொல்லுங்கள்.

என் வகுப்பில் 46 பேர். ஒரு நாளைக்கு ஏழு பீரியடில் ஆறு எனக்கு வகுப்பு. பள்ளி விவரங்களை இணையத்தில் ஏற்றுகிற எமிஸ் வேலை தனி. ஒவ்வொரு நோட்டிலும் குறிப்பு எழுதச் சொல்வது நடக்கிற காரியமா?
– முதுகலை ஆசிரியர், விழுப்புரம் மாவட்டம்

நடக்காது. 46 பேருக்கும் தினமும் எழுதுங்கள் என்று சொல்பவர்கள் அந்த அறையில் ஒரு நாள் நின்று பார்க்க வேண்டும்.

நடக்கக்கூடிய வழிகளைச் சொல்கிறேன். ஒரு நாளைக்கு ஐந்து நோட்டு, பெயர்ப் பட்டியல் வரிசையில். அந்த ஐந்தில் மட்டும் இரண்டு வரி உருப்படியாக எழுதுங்கள், மீதி நோட்டுகளில் டிக் போதும். இரண்டு வாரத்தில் எல்லாரையும் ஒரு சுற்று தொட்டுவிடுவீர்கள், நடு பெஞ்சுக்காரர்களும் விட்டுப்போக மாட்டார்கள். பட்டியல் வரிசையில் போவதில் ஒரு நன்மை, நம்மை அறியாமல் பிடித்த பிள்ளைகளிடமே திரும்பத் திரும்பப் போவது தவிர்ந்துவிடும். அடுத்தது, வகுப்பில் எழுதிக்கொண்டிருக்கும்போது வரிசைகளுக்கு நடுவே நடந்து வாயால் சொல்வது. எழுதி முடித்து மூன்று நாள் கழித்து நோட்டில் வரும் இரண்டு வரியைவிட, எழுதிக்கொண்டிருக்கும்போதே காதோரம் சொல்கிற அரை வரி நிறைய உதவும். மூன்றாவது, எல்லாருக்கும் பொதுவாக வருகிற பிழையைக் கரும்பலகையில் ஒரு முறை போட்டு, நோட்டில் அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்துவிடுவது, என்ன பிழை என்று அவர்களே கண்டுபிடித்துத் திருத்தட்டும்.

முடிந்தால் இன்னொன்று செய்து பாருங்கள். குறிப்பு எழுதுகிற நாளில் மதிப்பெண் போடாதீர்கள். இஸ்ரேலில் ரூத் பட்லர் என்பவர் ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 1988-ல் வந்தது. ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு குழுவுக்குக் குறிப்பு மட்டும், ஒரு குழுவுக்கு இரண்டும். இரண்டும் கொடுத்தால் இரட்டிப்புப் பலன் என்றுதான் நாம் எண்ணுவோம். ஆனால் குறிப்பு மட்டும் வாங்கிய பிள்ளைகள்தான் ஆர்வத்திலும் வேலையிலும் முன்னேறினார்கள். இரண்டும் வாங்கியவர்கள் மதிப்பெண் மட்டும் வாங்கியவர்கள் மாதிரியேதான் இருந்தார்கள். எண்ணைக் கண்டதும் கண் அங்கேயே போய்விடுகிறது, பக்கத்து நோட்டை எட்டிப் பார்க்கிறது, குறிப்பை யார் படிக்கிறார்கள். பருவத் தேர்வில் மதிப்பெண் போட்டுத்தான் ஆக வேண்டும், அதில் நம் கையில் ஒன்றும் இல்லை. வகுப்புத் தேர்வில் இரண்டு முறையாவது குறிப்பை மட்டும் கொடுத்து, திருத்தி எழுதிக் கொண்டுவந்த பிறகு மதிப்பெண்ணைச் சொல்லுங்கள்.

பாராட்டு, பாராட்டு என்கிறீர்கள். அமைதியாக உட்காரவே மாட்டேன் என்கிற வகுப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கம்பையும் எடுக்கக் கூடாது, திட்டவும் கூடாது.
– ஆசிரியர், வேலூர்

கம்பை எடுக்கக் கூடாது என்பது ஆலோசனை இல்லை, சட்டம். 2009-ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-வது பிரிவு, உடல் தண்டனையை மட்டுமல்ல, மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. ‘மக்கு’, ‘மாடு மேய்க்கத்தான் லாயக்கு’ என்று எல்லார் முன்னாலும் சொல்வதும் அந்தத் துன்புறுத்தல்தான் என்பேன்.

உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது. கண்டிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1968-ல் மேட்சன், பெக்கர், தாமஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் தொடக்கப் பள்ளி வகுப்புகளில் ஒன்றன் பின் ஒன்றாகச் செய்து பார்த்தார்கள். விதிகளை எழுதி ஒட்டிப் பார்த்தார்கள், பெரிதாக ஒன்றும் மாறவில்லை. சேட்டையைக் கண்டுகொள்ளாமல் மட்டும் இருந்து பார்த்தார்கள், அதுவும் சரிப்படவில்லை. சின்னச் சேட்டைகளை விட்டுவிட்டு, ஒழுங்காக வேலை செய்கிற நேரத்தில் அதைச் சொல்லிப் பாராட்டத் தொடங்கிய பிறகுதான் வகுப்பு மாறியது. நம் வகுப்பில் நடப்பதை யோசித்துப் பாருங்கள். சத்தம் போடுகிறவன் பெயர்தான் நாள் முழுக்க ஒலிக்கிறது. அவன் பத்து நிமிஷம் அமைதியாக எழுதும்போது, ‘அப்பாடா, தொல்லை இல்லை’ என்று நாம் வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறோம். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் அவன் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். பெரிய வகுப்புப் பையன் என்றால் எல்லார் முன்னாலும் வேண்டாம், கூசிப்போவான், கூட்டாளிகள் கேலி செய்வார்கள். நோட்டைத் தட்டி, மெதுவாக “இன்றைக்கு முழுசாக முடித்துவிட்டாய்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். அடுத்தவனை அடிப்பது, அவமானப்படுத்துவது மாதிரியான காரியங்களைக் கண்டுகொள்ளாமல் விடக் கூடாது, அங்கே உடனே தடுத்துத்தான் ஆக வேண்டும்.

பத்தாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் சார் எப்போதும் முதல் மூன்று பேரை மட்டும் பாராட்டுவார். நான் போன டெஸ்ட்டில் 31-லிருந்து 48-க்கு வந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. படிக்கவே வெறுப்பாக இருக்கிறது.
– மாணவன், ராமநாதபுரம் மாவட்டம்

தம்பி, 31-லிருந்து 48 என்றால் 17 மதிப்பெண் கூடியிருக்கிறது. 92 எடுத்தவன் 94 எடுப்பதைவிட இது பெரிய வேலை என்று நான் நினைக்கிறேன். எப்படி வந்தது என்று நீயே உட்கார்ந்து பார், விடைத்தாளில் எந்தக் கேள்விகள் இந்த முறை சரியாக வந்திருக்கின்றன, அதற்கு என்ன செய்தாய், எழுதிப் பார்த்தாயா, யாரிடமாவது கேட்டாயா? அதை ஒரு பக்கத்தில் எழுதி வை. அடுத்த டெஸ்ட்டுக்கு அதையே இன்னும் இரண்டு பாடத்துக்குச் செய்.

அப்புறம், அந்த விடைத்தாளை எடுத்துக்கொண்டு சாரிடம் போ. பாராட்டுங்கள் என்று கேட்க வேண்டாம், “சார், போன தடவை 31, இந்தத் தடவை 48, அடுத்து எதைப் படித்தால் இன்னும் பத்து கூடும்?” என்று கேள். நிறைய ஆசிரியர்களுக்கு நேரமும் ஞாபகமும் இல்லாமல்தான் விட்டுப்போகிறது, முன்னால் போய் நின்று கேட்கிற பையனை விரட்டுகிறவர்கள் குறைவு. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் வேறு பாட ஆசிரியரிடம் கேள். அடுத்த டெஸ்ட் முடிந்ததும் எனக்கு மறுபடி எழுது, மார்க் கூடினாலும் சரி, குறைந்தாலும் சரி.

அந்த சாரும் இதைப் படிப்பாரோ என்னவோ. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வு முடிவுகளில் மாநில ரேங்க் அறிவிப்பதை 2017-லேயே நிறுத்திவிட்டார்கள். வகுப்பறையிலும் முதல் மூன்று பேரை மட்டும் எழுப்பி நிறுத்துவதை நிறுத்திவிட்டு, போன டெஸ்ட்டைவிட யார் யாருக்குக் கூடியிருக்கிறது என்று ஒரு தடவை வாசித்துப் பாருங்கள் சார்.

பிராக்ரஸ் கார்டில் ‘ஆசிரியர் குறிப்பு’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. எல்லாருக்கும் ‘நன்று’, ‘முன்னேற்றம் தேவை’ என்றே எழுதி அலுத்துவிட்டது. என்ன எழுதலாம்?
– ஆசிரியை, புதுச்சேரி

அந்தக் கட்டத்தை வீட்டில் எல்லாரும் படிப்பார்கள், படிக்கத் தெரியாத அம்மா பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்பார். அதனால் மதிப்பெண்ணில் தெரியாத ஒன்றை எழுதுங்கள். ‘அறிவியல் பாடத்தில் கேள்வி கேட்கிறாள், போன பருவத்தில் பேசவே மாட்டாள்.’ ‘வாய்ப்பாடு எட்டு வரை தடையில்லாமல் சொல்கிறான், ஒன்பதாம் வாய்ப்பாட்டை வீட்டில் தினமும் ஒரு முறை சொல்லச் சொல்லுங்கள்.’ ‘கட்டுரையில் ஊர்த் திருவிழாவைப் பற்றி எழுதியது நன்றாக இருந்தது, ர-ற மாறிவருகிறது, கதைப் புத்தகம் வாசித்தால் சரியாகும்.’ இடம் சின்னதுதான், இவ்வளவு எழுத இடம் போதும். எழுதும்போது பிள்ளையின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.